கதவு வைக்காத தூம்பு

"எவன் அடைச்சான்?"

பெரிய சாயபு கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. கேட்டபோது அவர் முழங்கால் சேற்றில் நின்றார். பட்டணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கரைக்கு வந்துவிட்டார். ஒரு செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. இன்னொன்றைக் கையில் பிடித்திருந்தார்.

அவருக்கு எதிரே உடைந்து கிடந்த மண் கரை. கரைக்குப் பக்கத்தில் தலை முதல் கால் வரை சேறோடு என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் நாங்கள் ஒன்பது பெண்கள். கொஞ்சம் தள்ளித் திரை போட்ட கூண்டு வண்டி ஒன்று. அதற்குள் சாயபுவின் சம்சாரம் பீபியம்மா.

"நான்தான் சாயபு," என்றார் என் வீட்டுக்காரர்.

பொய். அடைத்தவள் நான்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், நான் வாலாஜாபேட்டையிலிருந்து கல்யாணமாகி மாட்டு வண்டியில் வந்து இறங்கியதையும், நாத்தனார் ஆரத்தித் தட்டோடு என்னை வாசலில் நிறுத்திவிட்டு, அவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆட்டைப் பிடிக்கப் போனதையும் எழுதியிருந்தேன். படித்தவர்கள் சிரித்தார்களாம். "இதே மாதிரி எழுதுங்கம்மா" என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார். எங்கே போய் எழுதுவது? சிரிக்கிற மாதிரி நடந்தது அந்த ஆட்டோடு சரி.

வீட்டுக்காரர் பெயர் என்ன என்றும் கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள். அவர் இருந்தவரை வாயால் சொன்னதில்லை. போன பிறகு பேனாவால் சொல்ல மனசு வரவில்லை. ஊரில் அவரைக் கரைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவே போதும்.

ஓட்டை அணை

ஆம்பூருக்கு அப்பால், மலையடிவாரத்தில், ஒரு கானாறு இருக்கிறது. வருஷம் முழுக்க வெறும் மணல். மலையில் பெய்தால் மட்டும் தண்ணீர் வரும். வந்தால் ஆள் உயரத்துக்கு வரும். மறுநாள் போய்ப் பார்த்தால் மறுபடி மணல்தான்.

அதன் ஓரத்தில் பெரிய சாயபுவின் தோல் ஷாப்பு. எங்கள் பக்கம் தோல் பதனிடுகிற இடத்துக்கு ஷாப்பு என்று பெயர். பட்டணத்தில் ஷாப்பு என்று சொன்னால் புடவை வாங்கப் போகிறோம் என்று நினைக்கிறார்கள். இங்கே இருப்பது சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம் பட்டை ஊறுகிற தொட்டியும்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் ஒரு மாதத்தில் பழகிப்போவாள். நான் பழக ஒன்றரை மாதம் ஆயிற்று. ஷாப்புக்குக் கீழே அதில் வேலை செய்கிறவர்களின் தெரு.

நான் வருவதற்குப் பல வருஷம் முன்னால், ஓர் ஐப்பசியில், பட்டப்பகலில் அந்தக் கானாறு புரண்டு வந்து தெருவில் பாதியை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. போனவர்களில் என் மாமனாரும் ஒருவர். வெளியே காய்ந்துகொண்டிருந்த தோலை எடுத்து உள்ளே போடப் போனவர். பாலாற்று மணலில், வெகுதூரம் தள்ளித்தான் கிடைத்தாராம்.

அதற்குப் பிறகுதான் சாயபு தன் சொந்த நிலத்தில் கானாற்றுக்குக் குறுக்கே ஒரு மண் கரை போட்டார். சர்க்கார் போட்டதல்ல, ஊர் கூடிப் போட்டதுமல்ல. முழுக்க அவருடையது. அப்பனைப் பறிகொடுத்த கையோடு அங்கே மண் சுமக்கப் போன பையன், கரை முடிந்தபோது அதற்குக் காவலாக நின்றுவிட்டான். சாயபு அவனுக்குக் கரையின் கிழக்குக் கோடியில், கீழே, ஒரு துண்டு நிலமும் எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு மண் வீடு, ஒரு முருங்கை மரம், கொஞ்சம் கேழ்வரகு, ஓடிப்போகிற ஆடு. நான் வாழ வந்த இடம் அதுதான்.

அந்தக் கரையில் ஒரு விசேஷம் உண்டு. கரையின் அடியில், தண்ணீர் வெளியே போகக் கருங்கல்லில் ஒரு தூம்பு வைத்திருந்தார்கள். ஒரு முழ அகலம், ஒரு முழ உயரம். ஏரித் தூம்பு என்றால் திறக்க மூட ஏதாவது இருக்குமா இல்லையா? இதற்குக் கதவே வைக்கவில்லை. எப்போதும் திறந்தே கிடக்கும். வெள்ளம் வந்தால் கரை அதை மறித்து நிறுத்தும். தூம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். இரண்டு நாளில் உள்ளே துளித் தண்ணீர் இருக்காது. அப்படிக் காலியாக இருந்தால்தான் அடுத்த வெள்ளத்துக்கு இடம். அணை கட்டிவிட்டு அதைக் காலியாக வைத்திருப்பதுதான் அங்கே வேலை.

ஊரில் அதற்கு ஓட்டை அணை என்று பெயர் வைத்தார்கள். வைக்க மாட்டார்களா?

நான் கேட்டது

வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் பாலாறு. ஆறு என்று பெயர்தானே ஒழிய, நாங்கள் அங்கே போவது மணலில் ஊற்று தோண்டத்தான். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவோம். ஒரு குடத்துக்கு ஒரு நாழிகை ஆகும். பரந்து நிற்கிற தண்ணீரை நான் கண்ணால் கண்டதே இல்லை. மாப்பிள்ளை அணையில் வேலை பார்க்கிறார் என்று சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷம் நகை போட்டபோதுகூட வரவில்லை. படி இருக்கும், தாமரை இருக்கும், நான் போய்க் கால் நனைப்பேன் என்றெல்லாம் கனவு.

வந்த மறுநாள் காலையில் கரைமேல் ஏறிப் பார்த்தேன். உள்ளே மணல். நடுவில் ஒரு கழுதை படுத்திருந்தது.

"இன்னாங்க, தண்ணி எங்க?" என்று கேட்டேன்.

"போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"எங்க போவணுமோ அங்க."

அவர் பேசுவது அவ்வளவுதான். சிரித்தால்கூடக் கஞ்சத்தனமாகச் சிரிப்பார். ஆனால் நல்ல மனுஷர். ராத்திரி சாப்பாட்டில் எனக்கு எடுத்து வைக்காமல் ஒரு துண்டுக் கருவாடு சாப்பிட்டதில்லை.

நான் விடவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒரே ஒரு வாட்டி, அத்த அடைச்சு, தண்ணி நிறுத்திக் காமிங்க." அவர் ஒவ்வொரு தடவையும் என் பெயரைச் சொல்லி அதே பதில்தான் சொல்வார். "எங்கப்பன் மேல அந்தத் தண்ணி ஏறிப் போச்சு கன்னி. அது நிக்கறதப் பாக்க எனக்கு ஆச இல்ல."

அதற்குமேல் நான் என்ன கேட்பது?

சக்கை மூட்டை

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம், அடுத்த வருஷம். கிணறெல்லாம் பாறை தெரிந்தது. தெருப் பெண்கள் பாலாற்றுக்குப் போய் ஊற்று தோண்டிக்கொண்டு வந்தார்கள். நான் எதை விட்டுவிட்டு வந்தேனோ அது என் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

தெருவில் எனக்கு நெருக்கம் ரோசம்மாக்கா. ஷாப்பில் பட்டை இடிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் தலை வாருவாள். வாய் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. ஒரு நாள் இடுப்புக் குடத்தோடு கரையில் நின்று தூம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தப் பாழாப்போன ஓட்டைய அடைச்சா, ஒரு மழை பேஞ்சாலும் நம்ம கெணத்துல எல்லாம் ஊறும். உம்புருஷன் இன்னாத்துக்கு அத்த சாமி மாதிரி காப்பாத்தறாரு?"

"எதால அடைக்கறது? கல்லு வெச்சா இடுக்குல தண்ணி போயிடும்."

"சக்கை இருக்குதே!"

சக்கை என்றால் தொட்டியில் ஊறித் தோலுக்குச் சாரமெல்லாம் கொடுத்து முடித்த ஆவாரம் பட்டை. ஷாப்பு அதை வெளியே கொட்டும். அந்தத் தெருப் பெண்கள் அள்ளி வந்து வெயிலில் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். யார் வீட்டுக்குப் பின்னால் போனாலும் ஒரு குவியல் இருக்கும்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு சாவுக் காரியத்துக்காக ஏலகிரிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். சாயபு தோல் விற்கப் பட்டணம் போயிருந்தார். நாங்கள் ஒன்பது பேர் காய்ந்த சக்கையைக் கோணியில் அடைத்து, காலால் மிதித்து மிதித்து இறுக்கி, வாயைத் தைத்து, தலையில் வைத்துக்கொண்டு போனோம். உள்பக்கமிருந்து தூம்பு வாயில் ஒவ்வொன்றாகத் திணித்தோம். கடைசி மூட்டையை நான்தான் உள்ளே தள்ளினேன். இடம் போதவில்லை. திரும்பி உட்கார்ந்து இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளினேன். ரோசம்மாக்கா கைதட்டினாள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரோசம்மாக்காதான் யோசனை சொன்னாள் என்று யாராவது அவள் தலையில் பழி போட வேண்டாம். கரைக்காரர் பெண்டாட்டி "வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீதி எட்டுப் பேரும் சக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ச் சோறு பொங்கியிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

எங்களில் ஒருத்திக்கும் தோன்றாத விஷயம் ஒன்று இருந்தது. காய்ந்த பட்டைக்குத் தண்ணீர் கொடுத்தால் ஊதும். வருஷக்கணக்காக அதைத் தொட்டியில் கொட்டுகிறவர்கள், அள்ளுகிறவர்கள், காயவைக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆறு நாள்

மறுநாளே மழை பெய்தது. இரண்டு வருஷமாக ஏமாற்றிய மழை, நாங்கள் அடைத்ததைப் பார்த்துவிட்டு வந்தது போல வந்தது. பெரிய மழை இல்லை. கானாறு முழங்கால் அளவுக்கு ஓடியது. ஓடி வந்து நின்றது.

அதை எப்படிச் சொல்வேன்? காலையில் கரை ஏறினேன். மணல் இல்லை. கழுதை படுக்கிற இடம் இல்லை. வானமும் மலையும் தலைகீழாகக் கிடந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். அப்புறம் இறங்கிப் போய் முகம் கழுவினேன். எவ்வளவு வேண்டுமானாலும் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்பதே எனக்குப் பைத்தியம் பிடித்தது போல இருந்தது.

தெரு மொத்தமும் வந்தது. துணி துவைத்தார்கள். எருமைகள் இறங்கியவை ஏறவில்லை. கிணற்றில் ஒரு முழம் ஊறிவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் திரை போட்ட வண்டியில் பீபியம்மாவே வந்துவிட்டார். வீட்டைவிட்டு வெளியே வராதவர். ஆண்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, திரையை விலக்கி, "யா அல்லா, எத்தினி தண்ணி! எத்தினி தண்ணி!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நானும் சொல்ல மாட்டேன்," என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை பகலிலேயே வந்துவிட்டார். அவர் வந்து பார்த்ததைச் சொல்லத்தான் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். கரை ஏறினார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் என்றால் பரவாயில்லை. பயந்துபோன முகம் அது.

"எதால அடைச்ச?"

சொன்னேன்.

"இப்பவே எடுக்கணும்."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே பிடித்துக்கொண்டேன், அந்தச் சேற்றில். "ஒரு வாரங்க. ஒரே ஒரு வாரம். கெணறு ஊறட்டும். அப்புறம் நான் சாவற வரைக்கும் கேக்க மாட்டேன்."

வெகு நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சரி," என்றார். "அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும். சாயபு வர்றதுக்குள்ள தெறந்துடுவேன்."

எனக்கு அந்த ஆறு நாளும் தரையில் கால் பாவவில்லை. காலையில் ஒரு வேலை, கரை. மத்தியானம் ஒரு வேலை, கரை. திங்கட்கிழமை சாயங்காலம் கரைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன மீன் எங்கிருந்து வந்ததோ, விரலைக் கடித்தது. கரையின் பின்பக்கமிருந்து அவர் ஏறி வந்தார். தலையும் தோளும் நனைந்திருந்தன. கடப்பாரை கரைமேல் என் பக்கத்தில் கிடந்தது. அதற்குக் கை நீட்டியவர், கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னாங்க நனைஞ்சிட்டு?"

"கசியுதான்னு பாத்தேன்." கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வா, கஞ்சி ஊத்து."

வியாழக்கிழமை

வியாழக்கிழமை மத்தியானம் மலை கறுத்தது. எங்களுக்கு ஒரு சொட்டு விழவில்லை. மலைமேல் மட்டும் இடி. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை விட்டுவிட்டு ஓடினார்.

நான் பின்னால் ஓடினேன். தூம்பின் வெளிவாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். ரோசம்மாக்கா புருஷனும் வந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் குத்தினார்கள். சக்கை ஊதிப் போய்க் கல்லோடு கல்லாக இருந்தது. பிய்த்தால் ஒரு பிடி வந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

கானாறு வந்துவிட்டது. சத்தம் முதலில் வந்தது. மிஞ்சின தண்ணீர் வழிய விட்டிருந்த கலங்கல் வழியாக வழிந்து பார்த்தது, போதவில்லை. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்தது. மண் கரை மேலே தண்ணீர் ஏறி வழிந்தால் நடுவில் மொத்தமாக உடையும். நடுவில் உடைந்தால் நேர் கீழே ஷாப்பு, தெரு. ரோசம்மாக்கா வீட்டுக் குழந்தைகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மேலே ஏறி மேற்கே ஒரு தடவை பார்த்தார், கிழக்கே ஒரு தடவை பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கோடிக்கு நடந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குக் கீழே எங்கள் வீடு.

"ஆட்ட அவுத்து உடு," என்றார் திரும்பாமல். "வேற ஒண்ணும் எடுக்காத. மேட்டுல ஏறிக்க."

வெட்டினார். தான் வாலிபத்தில் மண் சுமந்து போட்ட கரையை, தானே வெட்டினார். முதலில் ஒரு வாய்க்கால் போல ஓடியது, பிறகு ஒரு வண்டி போகிற அகலம், பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது முருங்கை மரம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக் கூரை அதற்கு முன்னாலேயே போய்விட்டது. தண்ணீர் எங்கள் நிலத்தில் பரவி, மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு பாலாற்றுக்கு ஓடியது. தெருவில் வாசல் வரைதான் வந்தது. ஒரு உயிர் போகவில்லை. ஆடுகூடப் பிழைத்தது.

மறுநாள் காலையில்தான் சாயபு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் சாயபு."

"நீயா?" சாயபுவுக்கு நம்பிக்கையில்லை. "ஓட்டைய அடைக்கக் கூடாதுன்னு எனக்கே பாடம் சொன்னவன் நீ. உங்கப்பன் போனது மறந்துபோச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். ரோசம்மாக்கா என் கையை அழுத்தினாள். பெண்கள் அடைத்தார்கள் என்று தெரிந்தால் ஒன்பது குடும்பத்துக்கும் ஷாப்பு வேலை போய்விடும் என்பது அவள் பயம். கூண்டு வண்டியில் திரை அசையவில்லை. எல்லாருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? பயம்தான். வேறென்ன சொல்லிக்கொள்வது?

"உன்மேல பூரா நம்பிக்கை வெச்சிருந்தேன்பா," என்றார் சாயபு. அவர் கண் கலங்கியிருந்தது. "இனிமே நீ இங்க வாணாம்."

கையிலிருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டுவிட்டு வெறுங்காலோடு போனார்.

பட்டணத்தில்

பட்டணத்துக்கு வந்தோம். ஒரு துரை பங்களாவில் அவருக்குத் தோட்ட வேலை. பின்னால் ஒரு அறையில் குடித்தனம். தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. திருகினால் வரும். நான் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் என் தண்டனை. ஒரு நாள், ஒரு வேளை, "உன்னாலதான்டி" என்று சொல்லியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். தோட்டத்தில் பாத்தி கட்டினால் ஒரு மூலையில் எப்போதும் மடையைத் திறந்தே வைப்பார், தண்ணீர் நிற்க விடமாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் எதையோ சொல்கிறார் என்று தோன்றும். ஒரு தடவை நானே பேச்சை எடுத்தேன். "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "சோறு போடு," என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தைவிட்டு. இத்தனை நடந்தும் அந்த ஆறு நாள் தண்ணீருக்கு நான் ஏங்கினேன். வீடு போனது, வேலை போனது, அவர் பெயர் போனது. ஆனாலும் சமையலறையில் உட்கார்ந்திருக்கும்போது சின்ன மீன் காலைக் கடிக்கும். அப்படி ஏங்குகிறவளை என்னவென்று சொல்வது? அவர் மட்டும் அதைத் தெரிந்துகொண்டால் என் முகத்தில் விழிப்பாரா என்று பயந்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ரோசம்மாக்கா மகளுக்குக் கல்யாணம் என்று கடிதாசி வந்தது. போனோம். காலை ரயிலில் போய்க் கோயிலில் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டோம். இலையில் கை கழுவி எழுந்ததும் அவர் யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார். எங்கே என்று கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

கரையை யாரும் திரும்பக் கட்டவில்லை. சாயபு காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஷாப்பை மேட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். வெட்டின இடம் வெட்டின மாதிரியே கிடந்தது. மீதிக் கரை முழுக்க ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்திருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் மணல்.

அவர் தூம்புக்குள் குனிந்து கை விட்டார். எங்கள் சக்கை இன்னும் அங்கேதான் இருந்தது. கோணி மக்கிப் போயிருந்தது. காய்ந்து சுருங்கிய பட்டை கை பட்டதும் பொலபொலவென்று கொட்டியது. ஒரு பிடி எடுத்து வெளியே வந்து, கரைமேல் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

இதைவிட்டால் வேறு நாள் வராது என்று தோன்றியது. "அன்னிக்கு நான்தான்னு சொல்லியிருக்கணுங்க," என்றேன். "சாயபு கேட்டப்போ சொல்லியிருக்கணும். வாய மூடினு இருந்து உங்கள பழி சுமக்க உட்டுட்டேன்."

அவர் கையிலிருந்த சக்கையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமையே வந்திருக்கும்," என்றார்.

"எது?"

"இது. திங்கக்கிழம சாயங்காலம் உள்ள பூந்து கை வெச்சுப் பாத்தேன். ஆடிச்சு. ரெண்டு குத்து குத்தினா வந்திருக்கும். கடப்பாரைய எடுக்க மேல வந்தேன்."

கரையின் பின்பக்கமிருந்து நனைந்த தோளோடு அவர் ஏறி வந்தது கண்முன் வந்தது.

"அப்புறம் ஏன் எடுக்கல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ இங்க ஒக்காந்து கால ஆட்டினு இருந்த," என்றார். "நல்லா இருந்திச்சு."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சாயபுவிடம் அவர் சொன்னது பாதிக்குப் பாதி உண்மை என்று அத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. நான் என்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டு எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேனோ அத்தனை நாளும் அவரும் பக்கத்தில் தூங்காமல்தான் கிடந்திருக்கிறார்.

கொஞ்சம் கழித்து எழுந்து வேட்டியைத் தட்டினார். "வா. ரயிலுக்கு நேரமாச்சு."

"அடுத்த ரயிலுக்குப் போலாங்க," என்றேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாரோ, அவ்வளவு நேரம் நின்றார்.

"சரி," என்றார். "அடுத்த ரயில் வரைக்கும்."

மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்து கரையின் உள்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். நானும் தொங்கவிட்டேன். கீழே காய்ந்த மணல். ரயில் ஊதுகிற வரை இரண்டு பேரும் கால் ஆட்டிக்கொண்டிருந்தோம்.